படிப்பை விட்டவர்களைத் தேடிப் போன ஏகாம்பரம் சார்

ஏகாம்பரம் சார் போய்விட்டார்...

முந்தாநாள் காலையில். மாரடைப்பு. எனக்குத் தகவல் வந்தபோது எரியூட்டி முடித்திருந்தார்கள். முகத்தைக்கூடப் பார்க்கவில்லை.

அவரைத் தெரியாதவர்களுக்காக: பிளஸ் டூ முடிக்கும் பிள்ளைகளுக்கு அடுத்து என்ன படிக்கலாம், எங்கே சேரலாம் என்று வழிகாட்டுவது எங்கள் டிரஸ்டின் வேலை. பெருநகர் சென்டரைப் பார்த்துக்கொண்டவர் சார். உத்திரமேரூரில் உட்கார்ந்துகொண்டு எல்லா சென்டருக்கும் கோஆர்டினேட்டர் என்று பெயர் வைத்துக்கொண்டிருப்பவள் நான்.

எங்கள் வேலையில் ஒரு வசதி உண்டு. பிள்ளை காலேஜில் சேர்ந்ததும் லிஸ்டில் ஒரு டிக் போட்டுவிடலாம். அடுத்த வருஷமும் அங்கே இருக்கிறானா என்று யாரும் கேட்க மாட்டார்கள்.

சார் கேட்டார்.

தைப்பூசத்துக்குச் சுற்றுவட்டார ஊர்ச் சாமிகளெல்லாம் பெருநகர் செய்யாற்றுக்கு வரும். வெளியூரில் இருக்கிற பிள்ளைகளும் அன்றைக்கு எப்படியாவது வந்துவிடுவார்கள். சார் சாமியைப் பார்த்தாரோ இல்லையோ, பொரிக்கடை ஓரமாக ஒரு நீள நோட்டோடு நிற்பார். பழைய பிள்ளைகள் யார் கண்ணில் பட்டாலும் விடமாட்டார்.

ஒரு வருஷம் நானும் கூட நின்றேன்.

"இன்னாடா, நா சொன்ன டிப்ளமோ இன்னா ஆச்சி?"

"வுட்டுட்டேன் சார். காலைல பஸ்ஸு கெடைக்கல, தெனம் லேட்டு. இப்ப ஒரகடத்துல கம்பெனிக்குப் போய்க்கினு கீறேன்."

திட்டு இல்லை, அறிவுரை இல்லை. எழுதிக்கொண்டார். அந்த நோட்டில் கடைசிக் கட்டத்துக்கு அவர் வைத்திருந்த தலைப்பு, 'நான் சொன்னதில் என்ன தப்பு?'

அதற்குக் கீழே 'பஸ் நேரம் விசாரிக்கவில்லை' என்று எழுதினார். எனக்குச் சிரிப்புகூட வந்தது. இதெல்லாம் ஒரு ஆராய்ச்சியா என்று.

அப்போது ஒரு பெண் அவரைப் பார்த்ததும் சட்டென்று கூட்டத்துக்குள் புகுந்துவிட்டாள். அவர் நர்சிங் சேர்த்துவிட்ட பெண். "பாவம், விடுங்க சார்" என்றேன்.

"ஒளிஞ்சிக்கினு போறவங்கதான் மேடம் நமக்கு முக்கியம்" என்றார்.

மறுநாள் அவள் வீட்டுக்கே போயிருக்கிறார். ஹாஸ்டல் உண்டு என்று சொல்லிச் சேர்த்த காலேஜில் பெண்களுக்கு ஹாஸ்டலே இல்லை. நாலு மாதம் யாரோ சொந்தக்காரர் வீட்டில் தங்கிப் பார்த்துவிட்டுத் திரும்பிவிட்டாள். 'நேரில் போய்ப் பார்க்காமல் சேர்த்தது என் தப்பு' என்று நோட்டில் எழுதிவைத்தார்.

இதையெல்லாம் கிளப்பிவிட்டதே நான்தான்... அதுதான் வேடிக்கை. ஒரு டிரெய்னிங்கில் மைக்கைப் பிடித்துக்கொண்டு, "களத்துல இருக்கிற நீங்கதான் ஆராய்ச்சி பண்ணணும், எழுதணும், எல்லாரோடயும் பகிர்ந்துக்கணும்" என்று முழங்கினேன். ஸ்லைடில் இருந்ததைப் படித்தேன், அவ்வளவுதான். எல்லோரும் கை தட்டிவிட்டுச் சாப்பிடப் போனார்கள். சார் மட்டும் என் பின்னாலேயே வந்தார்.

"நெஜமாத்தான் சொல்றீங்களா மேடம்? நா எழுதனா யாராச்சும் படிப்பாங்களா?"

"ஏன் சார், நான் படிக்க மாட்டேனா?"

நம்பிவிட்டார். வருஷக்கணக்காக நம்பினார்.

பெருநகரில் அவர் செய்த தப்பை இன்னொரு சென்டரில் இன்னொருவர் செய்யக் கூடாது. அவர் கேட்டது அது ஒன்றைத்தான்.

ஆண்டுக் கூட்டத்தில் பத்து நிமிடம் தருவதாகச் சொல்லியிருந்தேன். நன்கொடையாளர்கள் வருகிறார்கள் என்றதும் எனக்கு உதறல். "சார், நல்லா வந்த பசங்க ரெண்டு பேரப் பத்தி மட்டும் சொல்லுங்களேன்" என்றேன்.

"நல்லா கீறவனப் பத்திச் சொல்றதுக்கு ஆராய்ச்சி இன்னாத்துக்கு மேடம்? அவனே ஸ்டேட்டஸ் போட்டுக்குவான்."

கடைசியில் அவருக்கு நான் கொடுத்தது நன்றியுரை. முகம் கோணாமல் பேசினார். சாம்பார் ஊற்றியவர் வரைக்கும் பெயர் சொல்லி நன்றி சொன்னார். நான் மேடையில் சிரித்துக்கொண்டிருந்தேன். நினைத்தால் இப்போது கூசுகிறது.

அப்புறம் உத்திரமேரூரில் ஒரு கடையில் கொடுத்து எல்லாவற்றையும் டைப் செய்து வாட்ஸ்அப்பில் அனுப்பினார். நான் ஒரு கட்டைவிரல் போட்டேன்.

"படிச்சீங்களா மேடம்?"

"இந்த வாரம் பார்த்துடறேன் சார்."

சில மாதம் கழித்து இன்னொரு முறை கேட்டார். அதே பதில். பிறகு கேட்கவில்லை.

நேற்று அந்த ஃபைலைத் தொட்டேன்... இறங்கவில்லை. இப்போது அது இல்லையாம். அனுப்பியவரையே மறுபடி அனுப்பச் சொல்கிறது.

டைப் செய்த கடைக்கு ஓடினேன். பழைய கம்ப்யூட்டரைத் தூக்கிப் போட்டு ரொம்ப நாளாயிற்று என்றார்கள்.

போன வாரம் வேறொரு சென்டரிலிருந்து லிஸ்ட் வந்தது. இரண்டு பெண்கள், அதே நர்சிங் காலேஜ். ஹாஸ்டல் இன்னும் வரவில்லை என்று எனக்குத் தெரியும். டிக் போட்டது நான்தான்.

நேற்று சாயங்காலமே பெருநகர் போனேன். அவர் மனைவியிடம் துக்கம் விசாரித்துவிட்டு, தயங்கித் தயங்கி அந்த நோட்டைக் கேட்டேன்.

"எந்நேரமும் அதயேதான் மேடம் பாத்துக்கினு இருப்பாரு. அவ்ளோ ஆசயா வெச்சிருந்தாரேன்னு தலமாட்டுலயே வெச்சி அனுப்பிட்டோம்" என்றார்.

"நல்லதும்மா" என்றேன்.

பஸ் ஏறி உட்கார்ந்த பிறகு அழுகை நிற்கவே இல்லை.

சார், நான் படிக்கவில்லை. ஒரு பக்கம்கூடப் படிக்கவில்லை. மூன்றாவது முறை கேட்டிருந்தால், படித்துவிட்டேன் என்று பொய் சொல்லியிருப்பேன். அது தெரிந்துதான் கேட்காமல் விட்டீர்களோ...

போய் வாருங்கள் சார்.