ஏசி அறையில் பேசிய கைகள்

நேற்று சாயங்காலம், மில்லில் எங்களுக்கு மேலே இருந்த அந்துவான் மேஸ்திரி பிரான்சிலிருந்து வீடியோ காலில் வந்தார். அங்கே மகள் வீட்டில் இருக்கிறார். முகம் தெரிகிறது, சத்தம் மட்டும் வரவில்லை. இந்தப் பக்கம் என் மருமகள் போனைத் தட்டுகிறாள், அந்தப் பக்கம் அவர் மகள் தட்டுகிறாள். எங்களுக்கென்ன? அவர் ஆள்காட்டி விரலை இடமும் வலமும் ஓடவிட்டார். தறி ஓடுதா, அதாவது சௌக்கியமா என்று அர்த்தம். ஓடுது என்று நானும் விரலை ஓட்டினேன். பிடித்துக்கொண்டது பேச்சு! மூட்டுவலி, அங்கே கொட்டுகிற பனி, நல்ல மீன் கிடைக்காத கஷ்டம், எல்லாம் கையிலேயே. மருமகள் வாயைப் பிளந்து பார்த்தாள்.

எங்கள் மில்லின் தறிக்கூடத்தில் வேலை பார்த்தவனுக்கு இது ஒரு வித்தையே இல்லை. உள்ளே நுழைந்தால் நூலுக்குப் போட்ட கஞ்சியின் புளித்த வாசனை மூக்கை அடைக்கும், தறிச் சத்தம் காதை அடைக்கும். பக்கத்துத் தறிக்காரன் கத்தினாலும் கேட்காது. கைதான் வாய். டீ வந்தது, மேனேஜர் வருகிறார், கோதண்டத்துக்கும் மச்சானுக்கும் சண்டை என்று முதல் வரிசையில் கிளம்பியது கண் இமைப்பதற்குள் கடைசி வரிசைக்குப் போய்விடும். ஆனால் காது மந்தமாகிவிடும். நான் வீட்டில் உப்பு கேட்டால் முத்தியால்பேட்டைத் தெருவே திரும்பிப் பார்க்கும். பெண் பார்க்கப் போன இடத்தில் என்னைக் கோபக்காரன் என்றே முடிவு கட்டிவிட்டார்கள்.

அப்படி இருக்கும்போதுதான் கழுத்தில் ஸ்டாப்வாட்ச் தொங்க ஓர் ஆலோசகர் வந்து இறங்கினார். ஆளுக்கு இரண்டு தறி என்பது வீணாம், நான்கு பார்க்கலாமாம். நான்கு என்றால் எங்களில் பாதிப் பேர் வீட்டுக்கு! அவர் வாசலில் கால் வைத்ததும், மணிக்கட்டைத் தட்டிக் காட்டும் சைகை கூடம் முழுக்கப் பாயும். உடனே அத்தனை பேரும் உத்தமர்கள். அறுந்த இழைக்கு ஆற அமர முடிச்சுப் போடுவோம், ஊடை இழையைக் கொண்டு ஓடும் நாடாவைத் துடைப்போம், துணியைத் தடவித் தடவிப் பார்ப்போம். எல்லாம் மில் விதிப்படிதான். இப்போது நினைத்தாலும் சிரிப்பு பொத்துக்கொண்டு வருகிறது. துணி இறங்குவது பாதியாகக் குறைந்து, கடைசியில் மேனேஜரே எங்களைப் பேச்சுவார்த்தைக்குக் கூப்பிட்டார்.

தறிக்காரர்கள் சார்பில் நானும் கோதண்டமும் போனோம். எதிரே மேனேஜரும் ஆலோசகரும், ஓரமாக அந்துவான் மேஸ்திரியும். ஏசி அறை, அப்படி ஓர் அமைதி. எங்களுக்குக் குசுகுசுக்க வராதே! மடியில் கையை வைத்துப் பேசிக்கொண்டோம். ரொம்ப நெருக்கினால் மூன்று தறிக்கு ஒத்துக்கொள்ளலாம் என்றான் கோதண்டம். சரி என்றேன். நிமிர்ந்தால், மேஸ்திரி எங்கள் கையையே பார்த்துக்கொண்டிருக்கிறார். அட மடையா, அவரும் பழைய தறிக்காரர்தானே! அந்தப் பக்கம் உட்கார்ந்ததும் வெளியாள் என்று நினைத்துவிட்டோம்.

மேனேஜரும் கவனித்துவிட்டார்.

"என்ன மேஸ்திரி, கையாலயே ஏதோ பேசிக்கிறாங்க?"

மேஸ்திரி தொண்டையைச் செருமினார்.

"ஏசி குளிருதாம் சார். கொறைக்கச் சொல்றாங்க."

மேனேஜர் ஏசி பக்கம் திரும்பினார், ஆலோசகரும் திரும்பினார். மேஸ்திரியின் கை முழங்கால்மேல் அசைந்தது. விடாதே, பெரிய ஆர்டர் நிற்கிறது, மேனேஜரே பயந்துபோயிருக்கிறார். வெளியே தெரிந்தால் மேஸ்திரியின் வேலை அன்றோடு காலி. எழுந்து நின்று, கண்ணாடி ஜன்னல் அதிர, "ரெண்டு தறிதான் சார்" என்றேன். பெண் வீட்டாரைப் பயமுறுத்திய தொண்டை அன்றைக்கு உதவியது. சாயங்காலத்துக்குள் மேனேஜர் இறங்கி வந்தார். வீட்டுக்குப் போனது ஸ்டாப்வாட்ச் மட்டும்தான்.

டீக்கடையில் மேஸ்திரிக்கு நன்றி சொல்ல வாயெடுத்தேன். "மேஸ்திரி ஆயிட்டா கை மறந்துடுமாடா?" என்று பன்னைப் பிய்த்து டீயில் நனைத்தார்.

அப்புறம் ஒரு நாள் மில்லே மூடிப்போனது. இரண்டு தறியும் இல்லை, நான்கு தறியும் இல்லை, எல்லாம் பழைய இரும்புக்குப் போனது. கோதண்டமும் போய்ச் சேர்ந்துவிட்டான். நெல்லித்தோப்பு சிக்னல் இரைச்சலில் என் விரல் தானாக ஓடும். எதிரில் ஒருவருக்கும் புரியாது.

"மாமா, சவுண்டு வந்துடுச்சு, இப்ப பேசுங்க" என்றாள் அதுவரை போனைத் தட்டிக்கொண்டிருந்த மருமகள்.

போனில் அவர் மகள் யாரிடமோ பிரெஞ்சில் பேசுவது கேட்டது. நானும் மேஸ்திரியும் என்ன பேசுவதென்று தெரியாமல் திருதிருவென விழித்தோம். மேஸ்திரி மெல்லக் கையை அசைத்தார். சத்தத்தைக் குறைக்கச் சொல்லு.

குறைக்கச் சொன்னேன். அவர் விரல் மறுபடி இடமும் வலமும் ஓடியது. ஓடுது மேஸ்திரி, ஓடுது என்றேன்.