7.62 தோட்டாவுக்கு மீசையைப் பந்தயம் வைத்த மாமா

போன மாசியில் ஒரு சனிக்கிழமை வருசநாட்டுக்குக் கிளம்பினேன். என் தாய்மாமாவின் மகளை அங்கேதான் கட்டிக்கொடுத்திருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை அவள் குழந்தைக்குக் காதுகுத்து. மதுரையிலிருந்து தேனிக்கு பஸ்ஸில் இரண்டு மணி நேரம். ஜெயமங்கலத்திலிருந்து மாமாவும் அத்தையும் சீர்த்தட்டுகளோடு தேனிக்கு வந்து சேர்ந்துகொண்டார்கள். அங்கிருந்து வருசநாடு நாற்பது கிலோமீட்டருக்குச் சற்று மேலே. கடமலைக்குண்டு தாண்டியதும் மலைகள் நெருங்கி வரும். அந்த அழகுக்கு எத்தனை குலுக்கல் வேண்டுமானாலும் பொறுத்துக்கொள்ளலாம்.

மாமா ராணுவத்தில் இருந்தவர். அவர் சம்பந்தி எல்லைக் காவல் படையில் இருந்தவர். இரண்டு பேரும் சேர்ந்தால் கறிச்சோறு ஆறிப்போகும். பணி முடிந்தபோது மருந்தில்லாத தோட்டா பதித்த மரக்கேடயம் இருவருக்கும் கொடுத்திருந்தார்கள். மாமா தன்னுடையதைச் சீர்த்தட்டிலேயே வைத்துக் கொண்டுவந்துவிட்டார்!

"உங்களதும் 7.62, எங்களதும் 7.62. உங்க தோட்டா எங்க துப்பாக்கியில சிக்குனு ஒக்காரும் சம்பந்தி" என்று மத்தியானச் சாப்பாட்டில் ஆரம்பித்தார் மாமா.

"ஒக்காராது."

"ஒக்காரலைன்னா மீசையை எடுத்துர்றேன்."

அத்தை கையிலிருந்த கரண்டி அப்படியே நின்றது. கல்யாணத்துக்கு முன்பே வைத்த மீசை அது. அது இல்லாமல் மாமாவை அத்தை பார்த்ததே இல்லை.

மதுரையில் எனக்கு இயந்திர உதிரிபாகங்களை அளந்து பார்க்கும் வேலை. பையில் எப்போதும் வெர்னியர் அளவுகோல் இருக்கும். தீர்ப்பு என் தலையில் விழுந்தது. கேடயங்களின் திருகாணிகளைக் கழற்றி இரண்டு தோட்டாக்களையும் அளந்தேன். மாமாவின் தோட்டாக்கூடு 51 மில்லிமீட்டர், சம்பந்தியுடையது 39 கூட இல்லை. 7.62 என்பது துப்பாக்கிக் குழாயின் உள்வாய் அளவு மட்டும்தான். நுனிக் குண்டை அளந்தால் ஒன்று 7.8, மற்றது 7.9. பெயரில் இருக்கிற அளவு இரண்டிலுமே இல்லை. மேற்கு நாடுகள் ஒரு நீளம் வைத்தன, ரஷ்யா இன்னொரு நீளம் வைத்தது. நம் ராணுவத்திலேயே முதலில் அடியில் விளிம்பு வைத்த .303 தோட்டா, அப்புறம் மாமாவின் 51, பிறகு மெலிந்த 5.56 என்று மாறிக்கொண்டே வந்திருக்கிறது. எனக்கு உற்சாகம் தாங்கவில்லை. மாமாவுக்கு முகம் தொங்கிவிட்டது.

"பந்தயமெல்லாம் சும்மா விளையாட்டுக்குத்தான" என்று சம்பந்தி சமாதானம் சொன்னார். மாமா கேட்கவில்லை. நேரே கடைத்தெரு சலூனுக்குப் போய்விட்டார்.

திரும்பி வந்தவரின் முகத்தை அத்தை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். "இம்புட்டு லட்சணமான மொகத்தையா இத்தனை வருசமா மூடி வச்சிருந்தீக?" என்றார். மாமா வெட்கப்பட்டதை நான் பார்த்தது அன்றுதான். எனக்குக் கண் கலங்கிவிட்டது, சந்தோஷத்தில்.

வருசநாடு போகிறவர்களுக்கு: தேனியில் காலையிலேயே பஸ் ஏறிவிடுங்கள், சாயங்காலம் திரும்பும் பஸ்ஸை நடத்துநரிடம் அப்போதே கேட்டு வையுங்கள். மலையடிவாரத்தில் செல்போன் சிக்னலை நம்ப வேண்டாம். ஓய்வுபெற்ற வீரர்கள் இருக்கும் வீடென்றால் தோட்டாவின் எண்ணை மட்டும் சொல்லி வாதம் செய்யாதீர்கள், நீளத்தையும் கேளுங்கள்.

காதுகுத்துப் படம் என் போனில் இருக்கிறது. அதில் சம்பந்திக்கும் மீசை இல்லை. முதல்நாள் சாயங்காலம் முழுக்க அவர் வீட்டம்மா மாமாவையும் அவரையும் மாறி மாறிப் பார்த்திருக்கிறார். விடிந்ததும் ஜெயித்த மனுஷன் தானாகவே சலூனுக்குப் போய்விட்டார்.