பிடி விடாத ததேயுஸ்

கயிறு எதுவானாலும், தொடுவதற்கு முன் ததேயுஸ் குனிந்து ஒரு பிடி ஈரமணலை அள்ளி உள்ளங்கைகளில் தேய்த்துக்கொள்வார். கரையில் காலூன்றி நின்று கரமடி வலை இழுக்கிறவர்களின் வழக்கம் அது. கை வழுக்காது. ஆனால் அன்று காலை அவர் முன்னால் கிடந்தது வலைக்கயிறு அல்ல. மெத்தென்ற உறை போட்ட ஒரு கம்பு. அதிலிருந்து நான்கு மெல்லிய கயிறுகள் ஓடி, காற்றடைத்த ஆரஞ்சுநிறப் பட்டம் ஒன்றில் முடிந்தன.

"மாமா, மண்ணு தேய்க்காதீங்க. கம்புக்க உறை கிழிஞ்சி போவும்," என்றாள் முப்ஷிரா.

"கை கேக்க மாட்டேங்குது மோளே," என்று கால்சட்டையில் துடைத்துக்கொண்டார்.

முப்ஷிரா தேங்காய்ப்பட்டணத்துக்காரி. வாப்பா துபாயில் வேலை பார்த்த காலத்தில் அங்கே கைட் சர்ஃபிங் பழகியவள். பட்டம் இழுக்க, பலகையில் நின்று தண்ணீர்மேல் போகும் விளையாட்டு. இப்போது ஆறு கடலில் சேரும் பொழிமுகத்துக்கு உள்ளே, அலை அடங்கிய காயலில் அதைச் சொல்லிக்கொடுக்கிறாள். விழுகிறவர்களைத் தூக்கிவர ஒரு வள்ளம் வேண்டியிருந்தது. அதை ஓட்ட வந்தவர்தான் ததேயுஸ். ஐம்பதை நெருங்கும் வயது. கழுத்தில் மாதா படம் தைத்த உத்தரியக் கயிறு, அதன்மேல் லைஃப் ஜாக்கெட். பிறரைத் தூக்கித் தூக்கிக் கடைசியில் அவருக்கும் விழ ஆசை வந்துவிட்டது.

காரணம் கேட்டால் காற்றைக் கைகாட்டுவார். "ஆடிக் காத்து வந்தா வள்ளம் எறங்காது. பொறந்த நாள் தொட்டு இந்த எளவு காத்து என்னெ கரையில இருத்திப் போட்டிருக்கு. ஒருக்கா அதுக்க முதுகுல ஏறி நிக்கணும். ஒருக்கா போதும்."

பிடித்ததை விடுவது அவர் உடம்பிலேயே இல்லை. பேருந்தில் உட்கார இடம் கிடைத்தாலும் இரண்டு கைகளும் முன்கம்பியில் இருக்கும். மாதா கோயில் கொடியேற்று நாளில் கொடி உச்சிக்குப் போய், கயிற்றைக் கொடிமரத்தில் கட்டியும் முடித்த பிறகு, ததேயுஸ் மட்டும் அதைப் பிடித்தபடி நிற்பார். ஃபாதர் வந்து தோளில் தட்ட வேண்டும். போன மழைக்குத் தக்கலை பேருந்து நிலையத்தில் காற்று அவருடைய குடையைப் பிடுங்கியது. அவர் விடவில்லை. குடைக்குப் பின்னாலேயே ஓடி, பழக்கடையில் தொங்கிய நேந்திரன் குலைகளுக்குள் புகுந்துதான் நின்றார். துணி போய் வெறும் கம்பிகள் மிஞ்சிய குடையை வீடுவரை கொண்டு வந்தார். மனைவி ரீத்தா வழிநெடுகச் சிரித்தாள்.

கரமடியில் இதற்கு நியாயம் உண்டு. ஒருவன் கயிற்றை விட்டால் அந்தப் பாரம் பின்னால் நிற்கிறவன் கையை அறுக்கும். ததேயுஸின் வலது உள்ளங்கையில் குறுக்கே ஓடும் வெளிறிய தழும்பு அப்படி வந்ததுதான். விட்டவன் யாரென்று இதுவரை அவர் சொன்னதில்லை.

பட்டத்தின் நியாயம் வேறு. கம்பை மாரோடு இழுத்தால் பட்டம் சீறும். கையை விட்டால் வேகம் அடங்கிச் சரியும். ஓடியும் போகாது, இடுப்புவாரோடு இணைந்தே கிடக்கும். இதை ததேயுஸ் ஜெபம்போல் ஒப்பிப்பார். ஆனால் காற்று வெட்டி இழுத்ததும் ஜெபம் மறந்துவிடும். கை இறுகும், இறுக இறுகப் பட்டம் இழுக்கும், காயலை உழுதுகொண்டு போவார். முந்தின நாள் தாழம்புதர் ஒன்றில் போய்ச் சேர்ந்தார்.

அதனால் முப்ஷிரா கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள்: "இன்னைக்கு நான் விசில் ஊதினதும் கையை விடணும். விட்டா பலகை தாறேன். விடல்லேன்னா இனி நீங்க வள்ளம் மட்டும் ஓட்டினாப் போதும். ஒங்களை மய்யத்தா தூக்கி மாமிக்க கையில கொடுக்க என்னால ஏலாது."

ததேயுஸ் மணலில் கிடந்த பலகையை ஒருமுறை பார்த்துவிட்டு நீரில் இறங்கினார்.

மீன் விற்று முடித்த ரீத்தா, காலிச் சருவத்தைக் கவிழ்த்துப்போட்டு அதன்மேல் உட்கார்ந்திருந்தாள். "விடுத ஆளாக்கும் இது! கல்யாணத்துல பிடிச்ச கையையே ஃபாதர் ரெண்டு மட்டம் சொன்ன பொறவுதான் விட்டாரு. கேட்டியா மோளே?"

"ஏட்டி, சும்மா கெட!" என்று இடுப்பளவு நீரிலிருந்து கத்தினார்.

பட்டம் எழுந்தது. கொஞ்சநேரம் தலைக்குமேல் சாதுவாக நின்றது. பிறகு கடல்பக்கமிருந்து, பொழியின் மணலைக் கிளப்பிக்கொண்டு ஒரு காற்று வந்தது. ததேயுஸ் குப்புற விழுந்தார். நுரை பிளக்க இழுபட்டார். விசில் கேட்டது. கம்பு மாரோடு ஒட்டியது. மறுபடியும் விசில். முழங்கைகள் இன்னும் மடங்கின.

ரீத்தா எழுந்துவிட்டாள். சருவம் காற்றில் உருண்டு போனதை அவள் கவனிக்கவில்லை. குரலில் கேலி இல்லை.

"ஒங்களுக்குப் பின்னால ஆரும் நிக்கல்ல! யாருக்க கையும் அறுக்காது! விடுங்க!"

கம்பு துள்ளி முன்னால் பறந்தது. பட்டம் தள்ளாடி, ஒருபக்கமாய்ச் சாய்ந்து, நீரில் படுத்துக்கொண்டது. முப்ஷிரா விசிலை வாயிலிருந்து எடுத்துவிட்டு, பலகையை எடுக்கக் கரைக்கு நடந்தாள்.

இருமிக்கொண்டே நிமிர்ந்த ததேயுஸ் ரீத்தா இருந்த பக்கம் திரும்பி, அவளுக்குத் தெரியும்படி இரண்டு கைகளையும் உயர்த்தினார். பொழிவழியே புகுந்த அலையொன்று அவர் தலையை ஒரு கணம் மூடியது. கைகள் மட்டும் நீருக்குமேல், விரல்கள் விரிந்தபடி, நின்றன.