பளிச்சென்று விழுந்த ஆறு ரேகைகள்

சில ஆண்டுகளுக்கு முன், ஒரு புரட்டாசி மாத வியாழக்கிழமை. மரக்காணம் உப்பளங்களை ஒட்டி, நான் செயலராக இருக்கும் ஊராட்சியில் நடந்தது இது. எதையும் நேரம் போட்டு நாட்குறிப்பில் எழுதிவைப்பது என் பழக்கம். அதனால் அன்று நடந்தவை வரிசை மாறாமல் நினைவிருக்கின்றன.

மழை தொடங்கிவிட்டால் உப்பளத்தில் வேலை இருக்காது. மழைக்குக் கொஞ்சம் முன்பு, நேரம் பார்த்துத்தான் மில் வேலை என்று சொல்லிப் பெண்பிள்ளைகளை அழைத்துப்போக ஏஜென்ட்டுகள் வருவார்கள். அப்படிப் போன இரண்டு பெண்கள் திரும்பவே இல்லை. எங்கள் ஒன்றியக் கவுன்சிலர் உப்பளத் தொழிலாளி ஒருவரின் மகள். அவர் காவல் நிலையத்துக்கும் கலெக்டர் அலுவலகத்துக்கும் நடையாய் நடந்து ஓர் ஏற்பாடு கொண்டுவந்தார். அழைத்துப்போகிறவர் எங்கள் ஊராட்சி அலுவலகத்தில் வண்டி எண்ணைப் பதிய வேண்டும். தாயின் கைரேகை வைத்த சம்மதப் படிவத்தில் முத்திரை வாங்க வேண்டும்.

அன்று காலை 10.10க்கு ஓர் ஏஜென்ட் மில் வேலைக்கென்று எழுதிய ஆறு படிவங்களோடு வந்தார். ஒரு கட்டம்கூடக் காலியாக இல்லை. அத்தனை ஒழுங்கான படிவங்களை நான் பார்த்ததே இல்லை. வெளியே வேனில் ஆறு பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். எழுந்துபோய் வண்டி எண்ணை நானே பார்த்து எழுதிக்கொண்டேன். அவர்களிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. 10.35க்கு முத்திரை வைத்தேன்.

11.05க்குக் கவுன்சிலர் வந்தார். வழக்கம்போல் உட்காராமலே படிவங்களைப் புரட்டினார். சட்டென்று கை நின்றது.

"ஏன் சார், இவங்க எல்லாம் உப்பளத்துல வேல செய்றவங்கதானே?"

"ஆமாங்க மேடம்."

"எங்கம்மா ரேஷன் கடை மிஷின்ல விரல வெச்சு வெச்சுப் பார்த்துட்டு வெறுங்கையோட வரும். இங்க பாருங்க, சினிமா ஸ்டார் விரல் மாதிரி எப்படி பளிச்னு விழுந்திருக்குது!"

உப்பில் ஊறி ஊறி அவர்கள் விரல்களில் ரேகை தேய்ந்துபோயிருக்கும். அந்த ஆறு தாய்மார்களில் இரண்டு பேருக்கு, ரேகை பதியவில்லை என்று ரேஷன் கடைக்குக் கடிதம் கொடுத்ததே நான்தான். அதுவும் முந்தின மாதம்.

கவுன்சிலர் உடனே காவல் நிலையத்துக்குப் போன் போட்டார். வண்டி எண்ணை நான் வாசித்தேன். பிறகு என் பைக்கிலேயே உப்பளத்துக்குப் போனோம். மகள் எங்கே என்று கேட்டதும், உப்பு வாரும் பலகையைக் கீழே வைக்காமலே ஒரு தாய் சொன்னார்:

"பாண்டியில டெய்லரிங் கிளாஸ் சேரணும்னு போயிருக்குதுங்க. சாயங்காலம் வந்துடும். ஏங்க, இன்னா ஆச்சு?"

கவுன்சிலர்தான் அவர் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார். பாத்திக்குப் பாத்தி செய்தி பரவி, மற்ற ஐந்து பேரும் ஓடி வந்தார்கள். வெயிலில் எல்லோரும் கவுன்சிலரின் போனையே பார்த்துக்கொண்டு நின்றோம்.

12.20க்கு மணி அடித்தது. திண்டிவனம் சாலையில், பிரம்மதேசம் தாண்டி ஒரு சாப்பாட்டுக் கடையில் நின்றிருந்த வேனை மடக்கிவிட்டார்கள்.

"எத்தினி பேர் இருக்காங்க? எண்ணிச் சொல்லுங்க சார்," என்றார் கவுன்சிலர். அந்தப் பக்கம் எண்ணி முடிக்கும்வரை போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை.

"ஆறா? நல்லாப் பாத்தீங்களா, ஆறுதானே?"

பலகை கீழே விழுந்தது. அந்தத் தாய் வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டார்.

ஏஜென்ட்டின் பையில் அன்றிரவு வடக்கே போகும் ரயிலுக்கு ஏழு டிக்கெட்டுகள் இருந்தன என்று பிறகு தெரிந்தது.

கவுன்சிலர் என்னைத் திட்டவில்லை. "நம்பர கரெக்டா எழுதி வெச்சீங்க சார். எங்க போறீங்கம்மான்னு அந்தப் பொண்ணுங்கள ஒரு வார்த்த கேட்டிருந்தா, நம்பரே தேவப்பட்டிருக்காது," என்று மட்டும் சொன்னார்.

பின்னாளில் அவர் சட்டமன்றத்துக்குப் போனார். ஆள் கடத்தலைத் தடுக்கும் அரசுக் குழு ஒன்றுக்குத் தலைவரானார். தாய் நேரில் வராமல் சம்மதப் படிவம் செல்லாது என்று அவர் போராடி வாங்கிய விதியைச் செய்தித்தாளில் படித்தபோது, அது யாருடைய மேசையில் தொடங்கியது என்பது எனக்குத் தெரிந்திருந்தது. இன்றும் ஒரு குறையுமில்லாத படிவம் வந்தால், முத்திரையைத் தொடுவதற்கு முன் நாற்காலியை விட்டு எழுந்து, அந்தப் பெயருக்குரியவரின் முகத்தைப் பார்க்கப் போய்விடுகிறேன்.