அஞ்சறைப் பெட்டிக் கிடார்

எம். புதுப்பட்டி ஜெபராணி தன் கிடாரை முதன்முதலில் மீட்டியபோது, ஆமத்தூர்ப் பக்கம் மேய்ந்துகொண்டிருந்த மாடுகளெல்லாம் புல்லை விட்டுத் தலைதூக்கிக் கேட்டன. சரி, சரி, கொஞ்சம் கூடிப்போயிற்று. தலைதூக்கியது அடுத்த வீட்டு மாடு ஒன்றுதான். அதுவும் புண்ணாக்கு வருகிறதென்று நினைத்துத்தான். இனிச் சொல்வதில் பெரும்பகுதி உண்மை.

ஜெபராணி வெடிக் கம்பெனியில் அணுகுண்டுக்குச் சணல் சுற்றுகிறவள். சபையில் கிடார் வாசித்த பையனிடம் கற்று நாலைந்து பாட்டு அவள் விரலில் ஏறியிருந்தது. அவன் வேலை கிடைத்துக் கிடாரோடு கோயம்புத்தூர் போய்விட்டான். கிறிஸ்துமஸ் கீதபவனி நெருங்க, பாடகர் குழுவை நடத்தும் ராஜசிங் வாத்தியார் கறாராகச் சொன்னார்: "ஞாயித்துக்கெழம கிடாரோட வந்தா வாசி. இல்லேன்னா எப்பவும்போலப் பின்னால நின்னு கைதட்டு."

பின்னால் நின்று கைதட்டி அவளுக்கு அலுத்திருந்தது.

தீபாவளி சீசன் முடிந்து கம்பெனி அடைத்திருந்த நேரம். பரணில் கிடந்த மர அஞ்சறைப் பெட்டியை இறக்கித் தடுப்புகளைப் பிடுங்கினாள். ஒடிந்த கட்டில் சட்டம் கழுத்தாயிற்று. சைக்கிள் பிரேக் கம்பியைப் பிரித்ததில் மூன்று தந்தி. காலண்டர் தலைத் தகரத்தை நறுக்கிக் கழுத்தில் குறுக்குப் பட்டைகள் வைத்தாள். பெட்டியையும் கழுத்தையும் சேர்க்கக் கணவன் ஜாபஸ் சுத்தியலோடு வந்தான். முதல் ஆணியிலேயே பெட்டி பிளந்தது.

"தள்ளுங்க அங்கிட்டு. வெடிக்கு எவனாச்சும் ஆணி அடிப்பானா?" என்றாள் ஜெபராணி.

சணலை எடுத்தாள். பசை தடவி, இழுத்து இழுத்து, பிளவு தெரியாமல் சுற்றினாள். அந்த இறுக்கத்தில் காற்றுக்கூட உள்ளே போக அனுமதி கேட்க வேண்டும். கைப்பழக்கத்தில் மேலே குண்டுக்குப் பூசுகிற பச்சைச் சாயமும் பூசிவிட்டாள்.

எட்டிப் பார்த்த பக்கத்து வீட்டுப் பாண்டிமீனா, "யக்கா, திரி எங்கன வைக்கப் போறீக?" என்றாள்.

"ஒன் வாயில வைக்கேன், வாளா."

அதே பழக்கத்தில்தான் தப்பும் நடந்தது. குண்டைக் காயவைப்பதுபோல அதைப் பகல் முழுக்க வெயிலில் போட்டாள். சணல் சுருங்கி இழுத்ததில் கழுத்து வில்லாக வளைந்தது. தந்திகள் விரலுயரம் எழும்பிவிட்டன. எவ்வளவு அழுத்தினாலும் பட்டையைத் தொடவில்லை. சணலைப் பிரித்தால் பெட்டி மறுபடி இரண்டாகும். விடிந்தால் ஞாயிறு.

முதலில் அழுதாள். அப்புறம் காலியான தைலக் குப்பியை எடுத்துத் தந்திமேல் வைத்து மெல்ல நகர்த்தினாள். ஒரு சுரம் வழுக்கிக்கொண்டே போய் இன்னொன்றில் ஏறியது. "அழுத்த முடியலேன்னா தேய்ப்போம்" என்று உட்கார்ந்துவிட்டாள்.

ஞாயிறு ஆராதனை முடிந்ததும் பச்சைக் கிடாரைப் பார்த்த வாத்தியார் ஓரடி பின்வாங்கினார். "ஏளா, இது கிடாரா, குண்டா?"

குப்பியைத் தந்திமேல் வைத்து வாசித்தாள். குப்பி ஓட ஓட, தாலாட்டும் அழுகையும் ஒன்றாய்க் கலந்ததுபோல் ஒரு குரல் கோயில் முழுக்கப் பரவியது. பெட்டியில் ஊறிய சீரக வாசனையில் முன்வரிசைக்குப் பசித்தது. ஆனாலும் ஒருவரும் எழவில்லை. வாத்தியார் தாளம் போட மறந்து நின்றார்.

"பவனியில நீ முன்னால நில்லு தாயி" என்றவர், பக்கத்தில் நின்ற ஜாபஸின் கையைப் பிடித்துக் குலுக்கினார். "என்ன கைவேலைய்யா! பிரமாதமாச் செஞ்சிருக்கீரு."

ஜாபஸ் கையை உருவிக்கொண்டான். "நான் எங்க சார் செஞ்சேன்? நான் பொளந்தேன். செஞ்சது அவ."