இரண்டு பூசைக்கு ஒரே கோட்டு

எங்கள் பள்ளியில் வேலை முடிந்து ஊர் திரும்பிய வெளிநாட்டு டீச்சர் ஒருவர் வீட்டுச் சாமான்களை விற்றார். அதில் ஒரு கருநீலக் கம்பளிக் கோட்டை நானும் என் ஓரகத்தியும் பாதிப் பாதி போட்டு வாங்கினோம். ஓரகத்தி என் கொழுந்தனாரின் மனைவி. ஒரே காம்பவுண்டில் பக்கத்து வீடு. எங்கள் கொடைக்கானலில் ரோட்டோரம் வாங்கும் ஸ்வெட்டர் இரண்டு குளிர்காலத்தில் தொளதொளத்துவிடும். இந்தக் கோட்டு அப்படியில்லை. சேலைக்கும் போடலாம், சுடிதாருக்கும் போடலாம். கல்யாணம், துக்க வீடு, பள்ளிக்கூட மீட்டிங் எல்லாவற்றுக்கும் பொருந்தும். மலையிறங்கி வத்தலக்குண்டு வெயிலில் கழற்றிக் கையில் மடித்துப் போட்டாலும் கௌரவமாகத்தான் இருக்கும்.

ஞாயிறு முதல் பூசைக்கு நான், இரண்டாம் பூசைக்கு அவள். மாதா கோயில் வாசலில் கழற்றிக் கொடுப்பேன். சூடு ஆறுமுன் அவள் மாட்டிக்கொள்வாள். வார நாளில் தேவைப்பட்டவர் சொல்லிவிட்டு எடுத்துக்கொள்ளலாம். எங்கள் பீரோவில் ஈரம் ஏறும் என்பதால் கோட்டு அவள் பீரோவில் தொங்கியது. ஆறு வருஷம் இப்படி ஓடியது.

எனக்கு யாரையும் முழுசாக நம்பிப் பழக்கமில்லை. போன மார்கழியில் கோட்டின் வலது முழங்கை தேய்ந்திருப்பதைப் பார்த்தேன். புகை வாசம் வேறு. அவள் வேலை பார்ப்பது ஒரு ஹோம்ஸ்டேயில். விருந்தாளிகளுக்கு வெள்ளனே விறகு மூட்டி வெந்நீர் போட வேண்டும். தினமும் என்னிடம் சொல்லாமல் மாட்டிக்கொண்டு போகிறாள் என்று முடிவு கட்டிவிட்டேன். எங்கள் காம்பவுண்டில் எந்தத் துணியில்தான் புகை வாசம் இல்லை என்று யோசிக்கத் தோன்றவில்லை.

நேரே கேட்டிருக்கலாம். கேட்காமல், ஞாயிறு சாயங்காலம் பட்டன் தைக்கிறேன் என்று கோட்டை வாங்கி வந்தேன். வலது கையின் உள்ளே, குறுக்காக, அதே நிறத்து நூலில் இரண்டு தையல் போட்டேன். கையை நுழைத்தால் அறுந்துவிடும். மடித்து அவளிடமே திருப்பிக் கொடுத்தேன்.

சனிக்கிழமை வாங்கிப் பார்த்தபோது நூல் அப்படியே இருந்தது. சத்தியமாகச் சொல்கிறேன், எனக்கு ஏமாற்றமாகத்தான் இருந்தது. அப்போதுதான் அவள் இருமுவதைக் கவனித்தேன். புதன்கிழமை சாரலில் மகள் பள்ளிக்கூட மீட்டிங்குக்குப் போய் வந்ததிலிருந்து காய்ச்சலாம்.

கோட்டைப் போட்டுக்கொண்டு போயிருக்கலாமே என்றேன்.

"எடுத்தேங்க்கா. கைய விடப் போனா உள்ள நூலு கெடக்கு. அது அறுந்தா நீங்க என்ன நெனப்பீங்கன்னு திரும்பப் பீரோவுலயே மாட்டிட்டேன்."

கோபமாகச் சொல்லவில்லை. கோபப்பட்டிருந்தால் நானும் நாலு வார்த்தை பேசித் தப்பித்திருப்பேன். வெட்கத்தில் என் காது சுட்டது. வீட்டுக்காரரிடம் சொன்னபோது அவர், பிரசங்கத்தில் முன் பெஞ்சில் வலது முழங்கையை ஊன்றிக்கொண்டு தூங்குவது யார் என்று கேட்டார்.

மறுநாள் முதல் பூசை முடிந்து, கோட்டைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு வாசலில் நின்றேன். அவள் ரோட்டோரக் கடையில் வாங்கிய புது ஸ்வெட்டரில் வந்தாள். நீட்டினேன்.

"நீங்களே வச்சுக்கோங்கக்கா," என்று சிரித்துவிட்டு உள்ளே போனாள்.

தேய்ந்த முழங்கையை இழை ஓட்டித் தைத்து வைத்திருக்கிறேன். இன்னும் பத்து வருஷம் தாங்கும்.