தாலிக்கொடியில் துவக்குப்பெட்டிச் சாவி

எங்கள் குடும்பத்தில் மான் வேட்டைக்கென்று முறையாக வகுப்புக்குப் போய், பரீட்சை எழுதிச் சித்தியடைந்தவர் மாமா ஒருவர்தான். அவர் இன்றுவரை ஒரு மானையும் சுட்டதில்லை. அதற்குக் காரணம் அம்மாவின் தாலிக்கொடி என்பது லண்டனில் உள்ள எங்கள் சொந்தக்காரர் எல்லோருக்கும் தெரியும். கல்யாண வீடுகளில் சாப்பாடு பிந்தினால் இந்தக் கதையைத்தான் எடுப்பார்கள். அதிகம் சொன்னவள் நான். நன்றாகச் சொல்கிறேன் என்று பெயரும் வாங்கியிருக்கிறேன்.

எனக்கு அப்போது எட்டு வயது. லண்டனில் மிச்சம் என்று பெயருள்ள பகுதியில் இரண்டரை அறை வீடு. அரை என்பது மாமாவின் அறை. அவர் காலை நீட்டிப் படுத்தால் கதவு திறக்காது. அம்மாவின் தம்பியான அவர் இலங்கையின் மன்னாரிலிருந்து வந்து இரண்டு வருடமிருக்கும். பெற்றோல் செட் ஒன்றில் காலை ஷிப்ட் செய்தார்.

அந்தப் பெற்றோல் செட்டுக்குச் சேறு அப்பிய ஜீப்பில் ஒரு வெள்ளைக்காரக் கிழவர் டீசல் அடிக்க வருவார். ஒருநாள் ஜீப்பின் பின்னால், மூடியிருந்த படங்குச் சீலையின் கீழிருந்து நான்கு குளம்புகள் நீட்டிக்கொண்டிருந்தன. மாமா எட்டிப் பார்த்தார். தாங்களும் ஊரில் வேட்டைக்காரர்தான் என்று தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் சொல்லியும் வைத்தார். அடுத்த கிழமை கிழவர் ஒரு தொடையைப் பத்திரிகையில் சுற்றிக் கொண்டுவந்து கொடுத்தார். அம்மா அதை வறுத்த தூள் போட்டுப் பிரட்டல் கறியாக வைத்தாள். எதற்கும் ஒரு குறை சொல்லும் அப்பா மூன்றுதரம் சோறு போட்டுச் சாப்பிட்டுவிட்டு ஒன்றும் சொல்லாமல் கை கழுவினார். ஒரு சனி ஞாயிறு தன்னோடு வரலாம், ஆனால் முதலில் வகுப்புக்குப் போய் லைசென்ஸ் எடுக்கவேண்டும் என்று கிழவர் சொல்லியிருந்தார். அன்றிலிருந்து மாமாவுக்கு வேறு பேச்சில்லை.

“அக்கா, எங்கடை பரம்பரையே வேட்டைக்காரப் பரம்பரை.”

“எங்கடை அப்பா தபால்காரரடா,” என்றாள் அம்மா. “நாய் குலைச்சா காயிதத்தை வேலியிலை செருகிப்போட்டு வாற மனிசன்.”

அப்பா பேப்பருக்குப் பின்னாலிருந்து பேசினார். “துவக்குக்குப் பயந்துதான் இந்தக் குளிருக்கை வந்து கிடக்கிறம். இவர் பொலிசட்டைப் போய் எனக்கொரு துவக்கு வேணுமெண்டு கேக்கப்போறாராம்.”

“அத்தான், அங்கை துவக்குத் தூக்கினவை ஆரும் படிச்சுப்போட்டே தூக்கினவை? இஞ்சை வகுப்பு இருக்கு, பரீட்சை இருக்கு.”

அப்பா பேப்பரைத் திருப்பினார். விவாதத்தில் தோற்றால் அவர் விளையாட்டுப் பக்கத்துக்குப் போய்விடுவார்.

வகுப்பு ஆறு செவ்வாய்க்கிழமைகள், லண்டனுக்கு வெளியே சறேயில் ஏதோ ஒரு கிராமத்து மண்டபத்தில். ஒரு பஸ், ஒரு ரயில், பிறகு மழையில் நடை. முதல் நாளே செங்கல் அளவில் ஒரு புத்தகம் கொடுத்துவிட்டார்கள். மாமாவின் ஆங்கிலம் டீசல் விலையைத் தாண்டாது. எங்கள் வீட்டில் ஆங்கில இலாகா என்னுடையது. கவுன்சில் கடிதம், காஸ் கடிதம், பள்ளிக்கூடத்திலிருந்து என்னைப் பற்றி வரும் முறைப்பாடு உட்பட எல்லாவற்றையும் நானே வாசித்து, எனக்குச் சரியென்று பட்டபடி மொழிபெயர்ப்பேன். ஆகவே மாமாவுக்கு வேட்டை படிப்பிக்கும் பொறுப்பும் என்னிடம் வந்தது. அதுவரை நான் நேரில் பார்த்த காட்டுவிலங்கு ஒரு அணில்.

இங்கிலாந்தில் ஆறுவகை மான் உண்டு. அவற்றைப் பின்பக்கத்தைப் பார்த்தே இனம் காணவேண்டும், ஏனென்றால் வேட்டைக்காரனுக்கு அவை பெரும்பாலும் காட்டுவது அதைத்தான். பள்ளி விட்டு வந்ததும் சாப்பாட்டு மேசையில் மான்களின் பின்பக்கப் படங்களைப் பரப்பி வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகத் தூக்கிக் காட்டுவேன். எங்கள் தேவாலயப் பங்குச் சபைச் செயலாளரின் நடையை வைத்து ஒன்றையும், பொருளாளரை வைத்து இன்னொன்றையும் மாமா ஞாபகம் வைத்துக்கொண்டார். லைசென்ஸ் விண்ணப்பத்தில் நற்சான்றுக் கையெழுத்து வைக்கச் சம்மதித்திருந்த ஐரிஷ் சுவாமியார் ஒருநாள் வீடு சந்திக்க வந்தபோது, “செக்கிரட்டரி! இது செக்கிரட்டரி!” என்று மாமா கத்திக்கொண்டிருந்தார். சுவாமியாருக்குத் தமிழ் தெரியாது. செக்கிரட்டரி என்ற சொல் தெரியும். படத்தைப் பார்த்தார், தேத்தண்ணீர் குடித்தார்.

கேள்விகள் வேறுவிதம். மான் மேட்டின் உச்சியில் வானம் தெரிய நிற்கிறது, என்ன செய்வீர்கள்? மாமா யோசிக்காமல் சுடுவார். பிழை, குண்டு மேட்டைத் தாண்டி எங்கே போகும் என்று தெரியாது. மானுக்குப் பின்னால் ஒற்றையடிப் பாதை. மாமா சுடுவார். பிழை. கூட வந்தவர் எங்கே நிற்கிறார் என்று தெரியவில்லை. பிழை. பனிப்புகார் மூடியிருக்கிறது. பிழை.

“அதுக்கிடையிலை மான் போயிடுமே பிள்ளை.”

“போகட்டும் மாமா. டோன்ட் ஷூட்.”

மூன்றாவது கிழமை இருவரும் ரகசியத்தைக் கண்டுபிடித்துவிட்டோம். கேள்வி எதுவானாலும் சரி, விடைகளுக்குள் ‘சுடவேண்டாம்’ என்று ஒன்றிருந்தால் கண்ணை மூடிக்கொண்டு அதைப் போடவேண்டும். நான் கேட்பேன், அவர் வகுப்புப் பிள்ளைபோல நிமிர்ந்திருந்து “டோன்ட் ஷூட்” என்பார். நான் சரி போடுவேன்.

“சுடப் பழக்குவினம் எண்டு போனால், கிழமைக்குக் கிழமை சுடாமல் இருக்கத்தான் பழக்கினம்,” என்று மாமா சிரித்தார். பிறகு புத்தகத்தை மூடி, அதன் அட்டையைக் கையால் துடைத்துக்கொண்டிருந்தார். நேரம் போகிறது என்று நான் கரண்டியால் மேசையில் தட்டினேன்.

பரீட்சையில் நல்ல புள்ளி. காகித மானைச் சுடும் சோதனையிலும் சித்தி. ஓட்டை விழுந்த அந்தக் காகிதத்தை நான் சமையலறையில் ஒட்டினேன். மாமா அதன் பக்கம் பார்க்கவில்லை. சத்தத்தில் காது அடைத்துவிட்டது என்று இரண்டு நாள் அதிகம் பேசவுமில்லை.

இனி மிச்சமிருந்தது பொலிஸ் ஒன்றுதான். வீட்டுக்கு ஒரு அதிகாரி வந்து ஆளையும் துவக்கைப் பூட்டிவைக்கும் பெட்டியையும் பார்ப்பார். அவருக்குத் திருப்தியென்றால்தான் லைசென்ஸ். மாமா இரும்புப் பெட்டி ஒன்று வாங்கி, தன் அறைச் சுவரில் நான்கு போல்ட் போட்டு இறுக்கினார். அப்பா டோர்ச் பிடித்துக்கொண்டு சுவரின் விலையைச் சொல்லிக்கொண்டிருந்தார்.

அதுவரை எங்கள் வீட்டு நகைகள் ஐஸ்கிறீம் டப்பா ஒன்றில், மேலே ‘மீன் குழம்பு’ என்று எழுதி, பிறீசரில் இருந்தன. தமிழ் வீடுகளில் தங்கம் இருக்கும் என்று கள்ளருக்குத் தெரிந்திருந்த காலம். ஒருமுறை அப்பா பசியில் அதை எடுத்து அடுப்பில் வைத்து, சட்டியில் அம்மாவின் அட்டியல் கலகலத்த பிறகுதான் விஷயம் புரிந்தது. இரும்புப் பெட்டி வந்து மூன்றாம் நாள் டப்பா காலியாகிவிட்டது. பெட்டிக்குள் அட்டியல், காப்புகள், பாஸ்போட்டுகள், என் ஞானஸ்நானச் சான்றிதழ். துவக்குக்கும் ஓரமாக இடம் விட்டிருந்தாள் அம்மா. இரண்டு சாவிகளில் ஒன்றையும் எடுத்துக்கொண்டாள்.

“அக்கா, சட்டப்படி ரண்டு சாவியும் என்னட்டை மட்டும்தான் இருக்கவேணும். வேறை ஆரும் தொடப்படாது.”

“உன்ரை சூட்கேஸ் சாவியையே மூண்டுதரம் துலைச்சனி.”

“பொலிஸ் வருவான் அக்கா.”

“வரட்டும். ஆருக்கும் தெரியாத இடத்திலைதான் வச்சிருக்கிறன்.”

எனக்குத் தெரியும். இன்னொரு விஷயமும் அப்போது நடந்திருந்தது. முதல் நன்மை வாங்கும் சடங்குக்கு ஆயத்தமாக அந்தக் கிழமைதான் நான் சுவாமியாரிடம் என் பாவங்களைச் சொல்லி முதல் பாவசங்கீர்த்தனம் செய்திருந்தேன். பொய் என்பது வெள்ளைத் துணியில் விழும் கறை என்று மறைக்கல்வி ரீச்சர் சொல்லியிருந்தார். என் துணி ஐந்து நாளாகக் கறையில்லாமல் இருந்தது. அது என் வாழ்நாள் சாதனை. இன்றுவரை முறியடிக்க ஏலவில்லை.

சனிக்கிழமை காலை பத்து மணிக்கு அதிகாரி வந்தார். சீருடையில்லை, சாதாரண கோட். சொல்லாமலே சப்பாத்தைக் கழற்றினார். அம்மாவுக்கு அந்த இடத்திலேயே பிடித்துவிட்டது. விடியவே எழும்பி நகையை மீன் குழம்பு டப்பாவுக்கு மாற்றி, ரோல்ஸும் பற்றீஸும் வடையும் பொரித்து வைத்திருந்தாள். அப்பாவும் மாமாவும் எழுந்து நின்றார்கள். கதிரையில் இருக்கச் சொன்னார் அதிகாரி. மூன்றாம் தரம் சொன்னபோது அப்பா கதிரை நுனியில் இருந்தார். மாமா இருக்கவில்லை, கைகளைப் பக்கத்தில் வைத்து நேராக நின்றார். நல்ல பழக்கம் என்று நினைத்தேன். தான் இந்த நாட்டுக்கு வந்த நாளிலிருந்து கிடைத்த அத்தனை கடதாசிகளையும், காலாவதியான பஸ் பாஸ்கள் வரைக்கும், மாமா ஒரு கோப்பில் அடுக்கி நீட்டினார். அதிகாரி கேட்டது ஒரேயொரு கடதாசி.

ஏன் வேட்டை என்று கேட்டார். மாமா பாடமாக்கியிருந்ததை ஒப்புவித்தார். எல்லோரும் மாடிக்குப் போனோம். அதிகாரி பெட்டியைப் பிடித்து இழுத்துப் பார்த்தார், அசையவில்லை. சாவி? மாமா ஒன்றைக் காட்டினார். மற்றது?

“ஒன்றுதான் தந்தார்கள் சேர்,” என்றார் மாமா.

என் வெள்ளைத் துணி கண்முன் வந்தது. “மற்றது அம்மாவிடம் இருக்கிறது,” என்றேன், மிகத் தெளிவான ஆங்கிலத்தில்.

அதைப் பார்க்கலாமா என்று அதிகாரி மரியாதையாகக் கேட்டார். அம்மா என்னை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு கழுத்துக்குள்ளிருந்து தாலிக்கொடியை மெதுவாக வெளியே இழுத்தாள். முதலில், கத்தோலிக்க வழக்கப்படி புறாப் பதித்த தாலி வந்தது. அடுத்து மூன்று சேஃப்டி பின்கள். கடைசியாகத் துவக்குப்பெட்டிச் சாவி.

அதிகாரி குனிந்து பார்த்தார். இது சமய சம்பந்தமானதா என்று கேட்டார்.

“யெஸ்,” என்றாள் அம்மா, ஒரு கணமும் தாமதிக்காமல்.

“புறா மட்டும்தான்,” என்றேன் நான். “சாவி இல்லை.”

அதிகாரி மாடிப்படியில் குந்திக்கொண்டு சிரித்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். அம்மா சுவர்ப்பக்கம் திரும்பிச் சாவியைக் கழற்ற, அவர் அதை வாங்கி மாமாவின் உள்ளங்கையில் வைத்து, இரண்டும் இனி உங்களிடமே இருக்கட்டும், இதோடு இது சரி என்றார். எங்களுக்கெல்லாம் மூச்சு வந்தது.

கீழே வந்து அவர் மூன்று ரோல்ஸ் சாப்பிட்டார். இந்த வீட்டில் நம்பக்கூடிய சாட்சி நீதான் போலிருக்கிறது என்று என்னிடம் சொன்னார். எனக்குத் தலை கொஞ்சம் பெருத்தது. சரி, உன் மாமா கோபக்காரரா, வீட்டில் சத்தம் போடுவாரா என்று சிரித்துக்கொண்டே பகிடியாகக் கேட்டார்.

மாமாவுக்கு உதவ எனக்குக் கிடைத்த சந்தர்ப்பம். ஒருநாளும் கோபப்படமாட்டார் என்றேன். சத்தம் போடுவது நித்திரையில் மட்டும்தான். அதுவும் பாடம்தான் சொல்வார். என் அறைக்குச் சுவர் வழியே நன்றாகக் கேட்கும். “சுடாதேங்கோ சேர், சுடாதேங்கோ சேர்” என்று திரும்பத் திரும்பச் சொல்வார், பிறகு அம்மா போய்த் தட்டி எழுப்புவாள். அதிகாரிக்கு விளங்கவேண்டுமே என்று மொழிபெயர்த்தும் கொடுத்தேன்: “டோன்ட் ஷூட், சேர்.” நித்திரையில்கூடச் சரியான விடை. ரீச்சரை சேர் என்று மரியாதையாகத்தான் கூப்பிடுகிறார் என்பதையும் கவனிக்கச் சொன்னேன்.

அதிகாரி கையிலிருந்த பற்றீஸைத் தட்டில் வைத்தார். மாமா வடைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். அம்மாவுக்கு ஆங்கிலம் அவ்வளவாக விளங்காது, ஆனால் மாமாவின் முகத்தைப் பார்த்துவிட்டு, “பிள்ளை, போய்த் தண்ணி கொண்டா” என்றாள். மேசையில் தண்ணீர் இருந்தது. நான் கொண்டு வந்தபோது அதிகாரி மாமாவிடம், தயவுசெய்து இருங்கள் என்று மெல்லச் சொல்லிக்கொண்டிருந்தார். அப்போதுதான் மாமா கதிரையில் இருந்தார். புறப்படும்போது அதிகாரி மாமாவின் கையைப் பிடித்துக் குலுக்கினார், கனநேரம் பிடித்திருந்தார். லைசென்ஸ் கிடைத்த மாதிரித்தான் என்று நான் கணக்குப் போட்டேன்.

ஒரு மாதத்தில் கடிதம் வந்தது. நான் கையை நீட்டினேன். மாமா கடிதத்தை என்னிடம் தரவில்லை. சமையலறையில் நின்று தானே வாசித்தார், எழுத்துக் கூட்டி, நெடுநேரம்.

“என்னவாம்?” என்றார் அப்பா.

“சரிவராதாம் அத்தான்,” என்று மாமா கடிதத்தை மடித்தார். “சாவியாலையாம்.”

அம்மா அவரை ஒருதரம் பார்த்தாள். “ஓம்,” என்றாள். “என்னாலைதான்.”

அப்பாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அன்றிரவே கதை பிறந்தது. கிங்ஸ்பரிப் பெரியம்மாவுக்கு டெலிபோனில் போனது. பிறகு கல்யாண வீடுகளுக்கு. மாமாவே சொல்லுவார், அம்மா தாலிக்கொடியை இழுத்துக் காட்டுவாள், நான் புறாவும் சாவியும் சொல்லி முடித்துவைப்பேன். பெட்டிக்குள் நகை திரும்பிப் போனது.

போன வருடம் அம்மாவின் வீட்டை மாற்றும்போது அந்தப் பெட்டியைக் கழற்றினோம். அடித்தட்டில், என் ஞானஸ்நானச் சான்றிதழுக்குக் கீழே அந்தக் கடிதம் இருந்தது. வீட்டுக்கு வரும் ஆங்கிலக் கடிதங்களை வாசிப்பது என் வேலையாதலால் வாசித்தேன். இரண்டு பந்திகள்தான். பெட்டி திருப்தி, சாவி பற்றி ஆட்சேபம் இல்லை. விண்ணப்பதாரரின் நித்திரை குறித்து டொக்டரிடமிருந்து ஒரு கடிதம் தேவை. அது கிடைத்ததும் மேற்கொண்டு பார்க்கலாம்.

மாமா டொக்டரிடம் போகவில்லை. அடுத்த கல்யாண வீட்டில் அதே கதையை அதே சிரிப்போடு சொன்னார், அம்மாவும் கொடியை இழுத்துக் காட்டினாள். என் முறை வந்தபோது எனக்குப் புரையேறிவிட்டது. வடை என்று சமாளித்தேன்.

அந்த வகுப்பு தொடங்கியது ஒரு ஒக்டோபர் மாதம். மாமா எங்கள் வீட்டுக்கு வந்தது அதற்கு இரண்டு வருடம் முந்தி. வந்த முதல் இரவிலிருந்தே அவர் நித்திரையில் அந்தப் பாடத்தைச் சொல்லிக்கொண்டுதான் இருந்தார். முன்கூட்டியே படித்து வைக்கிற ஆள் என்று எனக்கு அவரிடம் அப்போது பெரிய மதிப்பு.